போன வருசத்து மான்

ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா ரயில் நிலையத்தில் நீளமான கறுப்புப் பெட்டியொன்றைத் தோளில் கொழுவிக்கொண்டு மரியரஞ்சனி நிற்பதைக் கண்டவர்கள், முதலில் அதைக் கீபோர்ட் என்றுதான் நினைத்தார்கள். மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிற அல்பேர்ட் அண்ணை, இவ்வளவு காலமும் சொல்லாமல் இருந்துவிட்டீரே என்று குறைபட்டு, கிறிஸ்து பிறப்புக்கு நத்தார்ப் பாட்டுப் பழக வரச்சொல்லியும் கேட்டுவிட்டார். உள்ளே இருப்பது வில்லு என்று அவள் சொன்னதை மனிசன் நம்பவில்லை. அவள் திறந்து காட்டினாள். அதற்குப் பிறகு ஒஸ்லோவில் தமிழ்ப் பூசைக்கு வருகிற சனத்துக்குக் கதைக்க வேறு கதை இருக்கவில்லை.

வில்லு அவள் கைக்கு வந்ததே ஒரு கூத்து. மகள் ஜெனுஷா பள்ளிக்கூடக் காலத்தில் வில்வித்தைக் கழகமொன்றில் சேர்ந்தாள். சேர்ந்த கையோடு அலுத்துப்போய் விட்டும் விட்டாள். பருவம் முழுவதற்கும் காசு கட்டியாகிவிட்டது. கட்டின காசை அப்படியே விடுகிற குடும்பமா அது? மகளுக்காக வாங்குப் பலகையில் காத்திருந்து பழகிய மரியரஞ்சனி, மிச்ச நாளுக்குத் தான் வரலாமா என்று பயிற்றுநரைக் கேட்டாள். முதியவர்களின் வீடு வீடாகப் போய் அவர்களைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, மருந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. அதனால் தோளில் வலு இருந்தது. முதல் அம்பு பலகையில் போய்த் தைத்த சத்தம் அவளுக்கு அப்படியே பிடித்துப்போயிற்று.

அந்தக் கழகத்தில்தான் பெரிட் என்ற வேட்டைக்காரியைச் சந்தித்தாள். நோர்வேயில் வில்லால் மான் வேட்டையாடச் சட்டம் விடாது, டென்மார்க்கில் விடும். பெரிட்டின் தமையனுக்கு அங்கே பண்ணையும் அதையொட்டிக் காடும் இருந்தன. மரியரஞ்சனி கப்பலேறிப் போய்ச் சோதனை எழுதி, பொம்மை மான்களுக்கு அம்பு விட்டுக் காட்டி, அனுமதியும் எடுத்துக்கொண்டாள். மானைக் கொல்ல வேண்டும் என்ற வெறி ஒன்றும் அவளுக்கு இல்லை. ஒரு காட்டுச் சீவன் தன் காலடிக்கு வந்தால் என்ன செய்யும் என்று பார்க்கிற விடுப்பும் ஆவலும்தான் கூட. மன்னாரில் பிறந்தவளுக்கு மீன் தெரியும், மானை எங்கே தெரியும்?

அந்தக் காட்டில் பீச் என்கிற பெருமரமொன்றின் உயரத்தில் கட்டிய சின்னப் பரண். இடுப்பையும் தோளையும் வாரால் மரத்தோடு கட்டிக்கொண்டு விடியமுன் ஏறி உட்கார வேண்டும். வில்லு, தூர நின்று சுடுகிற துவக்கு அல்ல, மான் நன்றாகக் கிட்ட வர வேண்டும். வந்தாலும் பக்கவாட்டில் நிற்க வேண்டும். நேரே முகம் பார்த்து நின்றால் அம்பு விடக்கூடாது, காயத்தோடு ஓடிப்போய் எங்கேயோ கிடந்து வதைபடும். அதெல்லாம் படித்தது. படிக்காதவற்றை மரம் காட்டிக் கொடுத்தது. அந்தக் காட்டு மான் ஒரு வெள்ளாட்டளவுதான். நாலு பக்கமும் பார்க்கும், மேலே பார்க்க மறந்துவிடும். ஏதோ சரியில்லை என்று பட்டால் முன்னங்காலால் நிலத்தில் அடிக்கும். ஒருநாள் பின்பக்கம் நாய் குரைத்ததென்று மரியரஞ்சனி எரிச்சலோடு திரும்பிப் பார்த்தாள். குரைத்தது மான்! அதை அவள் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள், ஒருவரும் நம்பவில்லை.

கோயில் பெண்களுக்கு மான் குரைப்பது முக்கியமில்லை. அவ்வளவு நேரம் மரத்தில் இருந்தால் ஒண்டுக்கு எப்படிப் போறது என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. யூலியா அன்ரி அவளைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அடக்கிக்கொண்டிருப்பதுதான் என்றாள் மரியரஞ்சனி.

முதல் பருவம் சொல்லி அழுகிற பருவம். ஒருமுறை காற்றுத் திரும்பி மணம் பிடித்து மான் பறந்தது. ஒருமுறை நாணை இழுத்துப் பிடித்தபடி கை நடுங்குமட்டும் நின்றாள். மான் முகத்தைத் திருப்பவே இல்லை, மெல்ல நாணைத் தளர்த்தினாள். இன்னொருமுறை எல்லாம் சரியாக வந்த நேரத்தில் மச்சாள் கனடாவிலிருந்து எடுத்தாள், சட்டைப் பைக்குள் போன் உறுமியது. கடைசிப் பயணத்தில் அம்பு விட்டாள். நாண் அதிர்ந்த சத்தத்துக்கே மான் பதுங்கிப் பாய, அம்பு முதுகுக்கு மேலால் போய்ப் பாசியில் குத்தி நின்றது. இறங்கிப்போய் அதைப் பிடுங்கித் தடவிப் பார்த்தாள். இரத்தமோ மயிரோ இல்லை. அப்பாடா என்றும் இருந்தது, ஏமாற்றமாயும் இருந்தது.

இதற்கிடையில் கணவன் அருளானந்தன் வாயைக் கொடுத்துவிட்டிருந்தான். வீட்டில் சமையல் அவன்தான், புழுகும் அவன்தான். இந்த நத்தாருக்கு எங்கள் வீட்டில் மானிறைச்சி என்று கோயில் வாசலில் வைத்துப் பத்துப் பேருக்குச் சொல்லியாயிற்று. மனைவி வெறுங்கையோடு வந்து நின்றாள். அடுத்த நாள் கடைக்குப் போய் ஆட்டுத் தொடையோடு வந்தான். குசினியில் அதைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"என்னப்பா, பொய்யோ சொல்லப்போறியள்?"

"நான் ஒண்டும் சொல்லமாட்டன். அவையள் சாப்பிடட்டும்."

சாப்பிட்டார்கள். சாப்பிட்டது மட்டுமா? அல்பேர்ட் அண்ணை விரலைச் சூப்பிக்கொண்டு, வன்னியில் தான் தின்ற மான்களைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தார். ஆட்டுக்கு ஒரு மொச்சை வாடை இருக்கும், மானுக்கு அது இராது. காட்டுத் தழை தின்ற மணம் வாயில் வைத்ததும் தெரியும் என்றார். எல்லோரும் தலையாட்டி, மரியரஞ்சனியைக் கைதட்டிப் பாராட்டினார்கள். அவளுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. பனியிலும் காற்றிலும் மரத்தில் விறைத்துக் கிடந்தவள் அவள். புகழ் கடை ஆட்டுக்கு. அடுத்த நத்தாருக்கு உண்மையான மானை இவர்களின் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு, அதே கைதட்டை நேர்மையாக வாங்க வேண்டும். அது அவளுக்கு ஒரு வைராக்கியமாகவே போய்விட்டது.

அடுத்த ஆண்டு மார்கழித் தொடக்கத்தில், உறைபனி விழுந்த ஒரு காலையில், அது வந்தது. கொம்பில்லாத பெட்டை மான். இலையை முகர்ந்து முகர்ந்து பரணுக்கு முன்னால் வந்து, பக்கவாட்டில் நின்று, முன்னங்காலை ஒரு எட்டு முன்னே வைத்தது. நாணை எப்போது இழுத்தாள், எப்போது விட்டாள் என்று பிறகு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மான் துள்ளியது, கொஞ்சத் தூரம் ஓடியது, நின்றது, சரிந்தது. உடனே இறங்கக்கூடாது, அது அமைதியாகப் போகவிட வேண்டும் என்று பெரிட் சொல்லியிருந்தாள். மரியரஞ்சனி மரத்திலிருந்தபடியே ஒரு செபமாலை முழுவதையும் சொல்லி முடித்தாள். பிறகு மெல்ல இறங்கினாள். பெரிட்டின் தமையன் வந்து, அந்த ஊர் வழக்கப்படி ஒரு சின்னப் பச்சைக் கிளையை முறித்து மானின் வாயில் கடைசிக் கவளமாக வைத்தார். அதைப் பார்த்ததும் அவள் அழுதுவிட்டாள். சந்தோசமாயும் இருந்தது, பாவமாயும் இருந்தது.

இறைச்சியைச் சில நாள் குளிரில் தொங்கவிட்டு, வெட்டிப் பொதிசெய்து கொண்டுவந்தாள். நத்தாரன்று அருளானந்தன் அதே சரக்குத்தூளில், அதே சட்டியில், அதே பதத்தில் பிரட்டலாக வைத்தான். அதே சனம் வந்தது. மரியரஞ்சனி தன் கையாலேயே பரிமாறிவிட்டு, சாப்பிட மனமில்லாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அல்பேர்ட் அண்ணை மென்றார். இன்னும் கொஞ்சம் மென்றார்.

"குறை நினையாதையும், தங்கச்சி. போன வருசத்து மானுக்கு இது கிட்டவும் வராது."

ஓமோம் என்று மற்றவர்களும் இழுத்தார்கள். அந்த மணம் இல்லை என்றார் ஒருவர். கடை இறைச்சி மாதிரிக் கிடக்கு என்றாள் யூலியா அன்ரி. மரியரஞ்சனிக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. உள்ளதைச் சொல்லலாம், சொன்னால் நத்தாரும் அதுவுமாகப் புருசனின் மானம் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

அருளானந்தன் அகப்பையைக் கீழே வைத்தான்.

"போன வருசம் நீங்கள் சாப்பிட்டது ஆடு. மான் கிடைக்கேல்லை. நான்தான் கடையிலை வாங்கிச் சமைச்சனான். இவ வேண்டாமெண்டுதான் நிண்டவ."

அல்பேர்ட் அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார். மானைக் குறை சொன்னதும் புழுகுறான், மனுசியை விட்டுக் குடுக்கிறானில்லை பார் என்று அவனின் முதுகில் தட்டினார். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அருளானந்தன், ஆணையாகச் சொல்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்; சொல்லச் சொல்லச் சிரிப்புத்தான் கூடியது. வாயால் பிழைக்கிற அந்த மனிசன் காது சிவந்து, ஒரு சொல்லும் எடுபடாமல் தன் பக்கம் திரும்பிப் பார்த்தபோது, மரியரஞ்சனிக்கு ஒரு வருசமாக அடைத்துக் கிடந்தது இளகிப்போயிற்று. இவன் எனக்காகத் தன் மானத்தையே கழற்றி வைத்துவிட்டானே என்று நினைத்தாள்.

"அடுத்த முறை போன வருசத்து மாதிரி ஒண்டாப் பார்த்து அடியும், தங்கச்சி," என்றார் அல்பேர்ட் அண்ணை கண்ணைத் துடைத்தபடி.

"ஓம் அண்ணை," என்றாள் அவள். "அதுக்கு மரத்திலை ஏறத் தேவையில்லை. இவர் பஸ்ஸிலை கடைக்குப் போய் வாங்கியருவார்."

அவள் சிரிக்கவில்லை. அல்பேர்ட் அண்ணையின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் அவளைப் பார்த்தார், அருளானந்தனைப் பார்த்தார், பிறகு தன் கோப்பையைப் பார்த்தார். மரியரஞ்சனி சட்டியை எடுத்து அருளானந்தனுக்கு இரண்டு துண்டு போட்டுவிட்டு, தனக்கும் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் வைத்த முதல் வாய் அது. இறைச்சி நன்றாக இருந்தது.