கழுத்துக் கறுப்பு

சரளா பாதித் தூக்கத்தில் தெருப் பெருக்குகிறவள். திட்டாதீர்கள், ஒரு இலைகூட விடமாட்டாள். விடியுமுன் ஸ்ரீராம்புரத்துச் சந்து வீட்டிலிருந்து கிளம்பி, மல்லேஸ்வரத்துக்கு வந்து துடைப்பத்தைப் பிடித்தால் கை தன்பாட்டுக்கு வீசும், கண் வேறெங்கோ போய்விடும். மாசியில் மரங்கள் இளஞ்சிவப்புப் பூவைத் தெரு முழுக்கக் கொட்டிவிடும். பனியும் பூவுமாகக் கிடக்கிற அந்தத் தெருவில் தான் நடக்கவில்லை, மிதக்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றும். அப்படியொரு சுகம்.

அந்தச் சுகத்தில் பாதி டீயினால் வந்தது. நாலு வீட்டில் நாலு டீ, ஒவ்வொன்றும் பாகு. மூன்று வீட்டில் கேட்டுக்கு வெளியே பேப்பர் கப். நாலாவது வீட்டு ஜெயலட்சுமி மட்டும் உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தான் குடிக்கிற எவர்சில்வர் டம்ளரிலேயே கொடுப்பாள். முதல் நாள் அதைக் கையில் வாங்கியபோது சரளா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் அம்மாவும் இதே தெருக்களைப் பெருக்கியவள்தான். ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. கடைசியில் சர்க்கரை வியாதி அம்மாவின் வலது காலை வாங்கிக்கொண்டது. வேலையும் அதோடு போயிற்று.

முப்பத்தாறு வயதில் சரளாவின் பின்கழுத்து கறுக்க ஆரம்பித்தது. கவரிங் செயின்தான் காரணம் என்று கழற்றி வைத்தாள். வெயில் என்றாள். பிறகு, சொல்லவே கூசுகிறது, குப்பை அள்ளுகிற அழுக்கு தோலில் ஊறிவிட்டது என்று நம்பிவிட்டாள். ஊரார் சொல்லிச் சொல்லி ஏற்றிவைத்தது, லேசில் போகுமா? எலுமிச்சைத் தோல், கடலைமாவு, பீர்க்கங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்த்தாள். எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம். இவள் கழுத்து புண்ணானதே தவிர, கறுப்பு அசையவில்லை. ஜெயலட்சுமி பார்த்துவிட்டால் டம்ளர் போய் பேப்பர் கப் வந்துவிடும் என்ற பயத்தில் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டாள்.

துப்புரவுக்காரர்களுக்கு மருத்துவ முகாம் போட்டார்கள். டாக்டர் சுப்ரியா துண்டை விலக்கிப் பார்த்தார்.

"இது அழுக்கில்லம்மா. சும்மா தேய்ச்சுப் புண்ணாக்கி வெச்சிருக்கீங்க. பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?"

"மூணு மாசத்துக்கு ஒருவாட்டி மேடம்."

"சாப்ட்டதும் தூக்கம் தூக்கமா வருமா?"

"வரும் மேடம். கனவோட வரும்."

டாக்டர் சிரித்துவிட்டார். சாப்பாடு, டீக் கணக்கெல்லாம் கேட்டு, ரத்தம் எடுத்து, அடுத்த வாரம் கூப்பிட்டுச் சொன்னார்: "சர்க்கரை இன்னும் வரல, வாசல்ல நிக்குது. உங்க உடம்புல இன்சுலின் நிறையவே சுரக்குது. உடம்புதான் அது பேச்சைக் கேக்க மாட்டேங்குது. அதான் கழுத்து கறுக்குது, இடுப்பு பெருக்குது. இப்பவே பிடிச்சா திருப்பி அனுப்பிடலாம். மொதல்ல அந்த நாலு டீயை நிறுத்துங்க."

அன்று மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவளுக்கு அதே பூத்தெரு வந்தது. சுகமாக மிதந்தாள். குனிந்து பார்த்தால், ஐயோ, பாதங்களைக் காணோம். பதறி எழுந்து இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மூன்று பேப்பர் கப்புகளை வேண்டாமென்பது ஒரு சங்கடமாகவே இல்லை. நாலாவது வீட்டில்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"டீ வேணாம்மா."

ஜெயலட்சுமியின் முகம் சுண்டிவிட்டது. "ஏன் சரளா? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா? எங்க வீட்ல குடிக்கக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

கால் வேணுமா, டம்ளர் வேணுமா? சரளா கண்ணை இறுக மூடிக்கொண்டு துண்டை உருவி நாற்காலியில் போட்டுவிட்டு, முதுகைக் காட்டி நின்றாள்.

"அழுக்கில்லம்மா இது. சத்தியமா அழுக்கில்ல. சர்க்கரை வர்றதுக்கு முன்னாடி இப்படிக் காட்டுமாம், டாக்டரம்மா சொன்னாங்க. தித்திப்பு ஆகாதாம்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள்.

ஜெயலட்சுமி தன் பின்னலை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். சிவந்த கழுத்தில், தாலிக்கொடிக்கு அடியில், அப்பிய பவுடரையும் மீறி அதே கறுப்பு.

"நாலு வருஷமா இருக்கு," என்றாள். "பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், ஒண்ணுக்கும் போகல. நான் குளிக்கறதே சரியில்லன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார். யாருகிட்டயும் காட்டினதில்ல."

ஒரு நாளும் குப்பை அள்ளாத கழுத்து. சரளாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. விரலை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். ஜெயலட்சுமி விலகவில்லை.

"தேய்க்காதீங்கம்மா, புண்ணாயிடும். நாளைக்கே ரத்தம் குடுத்துப் பாருங்க. நான் கூட வரேன்."

ஜெயலட்சுமி உள்ளே போய் இரண்டு டம்ளரில் சர்க்கரை போடாத டீ கொண்டுவந்தாள். இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள். சரளா துண்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள்.