காலால் பிறந்தவள்

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து, அம்மாவை ஒரு பகல் முழுக்கப் பாடாய்ப் படுத்தியவள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இருந்தது. காலால் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே கிடையாது. தறிக்குழியில் நாளெல்லாம் உட்கார்ந்து நெய்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து குப்புறப் படுப்பார்கள். நான் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மூன்று முறை மிதிப்பேன். தலைக்கு ஒரு கமர்கட்டு கிடைக்கும். பத்து வயதில் எனக்கு இருந்த மரியாதை, இன்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் முனைவர் பட்டத்துக்குக்கூட இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் தங்கைக்கு ஏழு வயது. அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். ஓர் ஆடி மாதம் அவருடைய சைக்கிள் கேரியரிலிருந்து தங்கை மல்லாக்க விழுந்தாள். அப்படியொன்றும் பெரிய அடி இல்லை. ஆனால் நாலாம் நாள் கழுத்துக்குக் கீழே, முதுகில், எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி ஒன்று எழும்பியது. வற்றுவதற்குப் பதில் அது இறுகிக்கொண்டே போனது. எங்களோடு இருந்த அத்தை தொட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"சுளுக்கும்மா இது. ரத்தம் கட்டிக்கினு இருக்குது. ஊருக்கே மிதிக்குது நம்ம பொண்ணு, வூட்டுல வெண்ணெய வெச்சிக்கினு நெய்க்கு எதுக்கு அலையணும்?"

அம்மாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் முதல் ஆளாக என் காலடியில் படுத்தவள் என் தங்கை. அலறுவாள். கமர்கட்டும் தரமாட்டாள். மற்றவர்களெல்லாம் எழுந்து இடுப்பை ஒடித்துப் பார்த்துவிட்டு "அப்பாடா" என்று போக, இவளுக்கு மட்டும் தோள்பட்டையில் இரண்டாவது கட்டி வந்தது. என் பேரைக் கெடுக்கவே வந்து பிறந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

சமையலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அப்பா எங்கள் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். அதன் அருகிலேயே தங்கையும் கோடு போட ஆரம்பித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் பென்சிலை வலது கையில் பிடித்துக்கொண்டு கையை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்குவாள். எட்டிய இடத்தில் ஒரு கோடு. அப்பா போட்ட கோடுகள் மேலே ஏறின, இவள் போட்டவை கீழே இறங்கின. அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் தப்புக்குப் போடும் குறியைப் போட்டிருந்தாள். எனக்குத்தான் தப்புப் போடுகிறாள், பொறாமை பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் எனக்கு அம்மை போட்டது. மூன்று ஞாயிறு நான் யாரையும் மிதிக்கவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று தங்கை என் கையைப் பிடித்து அந்தச் சுவருக்கு இழுத்துப்போனாள்.

"அக்கா, உனக்கு அம்மை போட்டிருந்தப்போ நீ மிதிக்கவேயில்ல. கோடும் எறங்கல, பாரு. தப்புப் போட்டதெல்லாம் நீ மிதிச்ச வாரம். நீ மிதிச்சா எறங்குதுக்கா."

அத்தை காதில் விழுந்துவிட்டது. "தோ பாரும்மா, ஏழு வயசுல டாக்டரம்மா ஆயிட்டா! மிதிச்சி வுடற பொண்ணு மேலயே பழியப் போடறா பாரு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறு, மூன்று முறை மிதிக்கிற இடத்தில் ஐந்து முறை, அதுவும் குதிகாலால் மிதித்தேன். யாரும் தடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கோடு நாலு விரல்கடை இறங்கியிருந்தது.

பிறகுதான் அப்பா டாக்டர்களைத் தேடிப்போனார். ஒருவரல்ல, மூன்று பேர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச்சொல்லி மூன்று இடத்திலும் பலகை மாட்டியிருந்தது. என் தங்கை வெறுங்காலோடுதான் அவர்கள் முன்னால் நின்றாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இரண்டு கால் கட்டைவிரலும் குட்டை, மற்ற விரல்களின் பக்கமாக மடங்கியிருக்கும். ரப்பர் செருப்பு காலில் நிற்காது. வீட்டில் கோணக்கால் என்று கேலி செய்வோம். சதையெல்லாம் மெல்ல மெல்ல எலும்பாக மாறுகிற நோய் அவளுக்கு; அதன் முதல் அடையாளமே அந்த விரல்தான். மூன்று பேரும் கட்டியைப் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், புருவத்தை உயர்த்தினார்கள். ஒருத்தராவது குனிந்து காலைப் பார்த்திருக்கலாம். மூன்றாமவர் கட்டியில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். வெட்டிய இடத்திலும் எலும்பு முளைத்தது. வலது கை விலாவோடு ஒட்டிக்கொண்டது.

அபூர்வ நோய், யாருக்குமே தெரியாதே என்று இன்றும் என்னைச் சமாதானப்படுத்துகிறார்கள். தெரியாதென்றால் கத்தியை ஏன் எடுத்தார்கள்? நான் ஏன் மிதித்தேன்? அடிபடாவிட்டாலும் அது தானாக வளரும் என்பது எனக்குத் தெரியும். பதினைந்து வருடமாக அதைத்தான் ஆராய்ச்சிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். அடிபட்டால் பாய்ந்து வளரும், அமுக்கக் கூடாது, வெட்டக் கூடாது என்பதும் தெரியும். கல்லூரியில் பேராசிரியர் திரையில் ஒரு பச்சைக் குழந்தையின் காலைக் காட்டி இதைச் சொன்ன அன்று, எழுந்து வெளியே போய் அழுதேன். அதுவரை அந்தக் காலை நான் எங்கள் வீட்டில்தான் பார்த்திருந்தேன்.

தங்கைக்கு இப்போது கழுத்து திரும்பாது. வாய் மட்டும் நன்றாகத் திரும்பும். இதே நோயுள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் செய்வது அவள் வேலை. போனவாரம்கூட ஒரு டாக்டரிடம், "சார், மொதல்ல கால் கட்டைவெரலப் பாருங்க. அதுவரைக்கும் கத்திய கீழ வைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம், வெட்டிய இடத்துத் தையல் ஆறுவதற்குள் பொங்கல் வந்துவிட்டது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், சமையலறைச் சுவர் என் பங்கு. தங்கை பக்கத்தில் வந்து நின்றாள்.

"இத மட்டும் வுட்டுரு, அக்கா. அம்மை போட்டிருந்தப்போ போட்டது. மூணே மூணு கோடு."

நான் வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து அதன்மேல்தான் முதலில் இழுத்தேன். அவள் அழுதுகொண்டே இடது கையால் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். தடுக்க வலது கை எழவில்லை. சுவர் காய்ந்ததும் பென்சில் கோடு லேசாகத் தெரிந்தது. இன்னொரு பூச்சு அடித்தேன். அம்மா வந்து பார்த்து, சுவர் பளிச்சென்று இருக்கிறது என்றாள். மூன்று கோட்டுக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.