நீலக் கிளி மீன் பிடித்த மழைநாள்

ரெயின்கோட் பிளாஸ்டிக் வாடை, அதில் ஒட்டிக்கிடந்த கிரீஸ் வாடை... டிசம்பர் மழை பிடித்துக்கொண்டால் இன்றைக்கும் என் மூக்குக்கு முதலில் வருவது அதுதான்.

அப்போது தம்போய் என்ற ஊரில் வாடகை வீடு. என் கணவர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக், நான் ஃபேக்டரியில் ஆபரேட்டர். கல்யாணமான இரண்டாம் வருடம், ஐந்தாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. வந்தவர்கள் எல்லாரும், "அடுத்த வருஷமே பொறந்துடும், அழாதம்மா" என்று சொல்லி, மைலோ குடித்துவிட்டுப் போனார்கள். நான் அழவே இல்லை. பேசவும் இல்லை. மூன்று வாரம் வாய்க்குப் பூட்டுப் போட்டது போல் இருந்தேன்.

இவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். பெண்டாட்டி சத்தமே போடாவிட்டால் பாவம், என்ன செய்வார்?

ஒரு ஞாயிறு காலை, கொட்டுகிற மழையில் தன் ரெயின்கோட்டை எனக்கு மாட்டிவிட்டார்.

"வா, ஆத்துப் பக்கம் போய்ட்டு வரலாம்."

அவர் நனைந்துகொண்டே வந்தார்.

ஆறு தே தாரிக் டீயின் நிறத்தில் ஓடியது. சேற்றில் கொக்குகள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றன. பட்டுப்போன மரக்கிளையில் ஒரு சின்னப் பறவை, பளிச்சென்று நீலம்.

"அங்க பாரு செல்வி, நீலக் கிளி!"

பார்த்தேன். அது தலைகீழாகப் பாய்ந்து மீனோடு மேலே வந்தது.

"அலமாக்! இந்தக் கிளி மீனெல்லாம் புடிக்குது லா!"

எனக்குப் பொறுக்கவில்லை.

"அது மீன்கொத்திங்க. கிளி எங்கயாச்சும் மீன் திங்குமா?"

மூன்று வாரத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. கூடவே அழுகையும் வந்துவிட்டது. மழையில் நின்று வயிறு வலிக்க அழுதேன். அவர் என் கையை விடவில்லை.

பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இருவருக்கும் இப்போது சிங்கப்பூரில் வேலை.

போன மாதம் லாபிஸ் ஊரில் இவருடைய தம்பி தவறிப்போனார். காரியம் முடிந்து வந்ததிலிருந்து இவர் வாயைத் திறக்கவில்லை. இப்போதெல்லாம் யாரும் வந்து மைலோ குடிப்பதில்லை... கைகூப்புகிற ஸ்டிக்கர்தான் போனில் வருகிறது.

நேற்று காலை அதே ஆற்றோரம் கூட்டிக்கொண்டு போனேன். அதே மழை. இப்போது சிமெண்ட் நடைபாதை, ஆளுக்கொரு குடை. மீன்கொத்தி மட்டும் மாறாத நீலம்.

"ஏங்க... அங்க பாருங்க, நீலக் கிளி."

அவர் குடையைச் சற்று உயர்த்திப் பார்த்தார்.

"கிளியா? மீன்கொத்தி லா அது. நீதானே சொன்ன..."

குரல் உடைந்துவிட்டது. என் குடையை மடக்கிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா... இத்தனை வருடம் கேட்டதில்லை. இனியும் கேட்கப் போவதில்லை.