கேட்டதெல்லாம் கொடுக்கலாம்

மலர்க்கொடிக்கு வாய் நீளம் என்பது வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பு முழுக்கத் தெரிந்த சங்கதி. தண்ணீர் லாரி வந்தால் அவள் குரல் மூன்றாவது மாடிவரை கேட்கும். அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் மகன் வல்லரசுக்கு ஒன்பது வயது. ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியே வீடாகிப்போன நேரத்தில் டாக்டர் அவளைத் தனியாக அழைத்து, இனி மருந்து கேட்காது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், பிள்ளை கேட்டதெல்லாம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். புருஷன் டில்லிபாபு அப்போது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "இன்னா சொன்னாரு டாக்டரு?" என்று கேட்டான்.

"மருந்து போதுமாம். இனிமே புள்ள இன்னா கேட்டாலும் குடுக்கலாமாம்."

"பாத்தியா, நா சொல்லல? தேறிக்கினு வரான்!"

பாவி மனுஷன், அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான். அந்தத் தட்டில் மண்ணைப் போட அவளுக்கு மனசு வரவில்லை. அதன் பிறகு அழுகை முட்டினால் தண்ணீர் லாரிக் கூட்டத்துக்குப் போவாள். யாரிடமாவது வலியச் சண்டை இழுத்து, அந்தச் சாக்கில் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வருவாள்.

வல்லரசு கேட்டது பந்து விளையாடும் பூட்ஸ். ஞாயிற்றுக்கிழமை டில்லிபாபு வாங்கி வந்தான். கட்டிலில் கிடந்த மகனின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து மாட்டினான்.

"டைட்டா கீதாடா நைனா?"

"இல்லப்பா, கரெக்டா கீது."

மலர்க்கொடிக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் பிள்ளைக்கு எதையும் அளவாக வாங்கியதே கிடையாது. சட்டை, செருப்பு எல்லாமே ஒரு அளவு பெரிசு. 'வளர்ற புள்ள' என்று கடைக்காரனிடம் மல்லுக்கு நின்று பெரிசாக வாங்கி, பள்ளிக்கூட ஷூவின் நுனியில் துணியைத் திணித்து அனுப்புகிறவனே டில்லிபாபுதான். அவள் பூட்ஸின் முனையை அழுத்திப் பார்த்தாள். உள்ளே பிள்ளையின் கால்விரல் முட்டியது. டில்லிபாபு நாடாவைக் கட்டி முடித்த பிறகும் தலையைத் தூக்கவில்லை.

அவனை அடுப்படிக்கு இழுத்துப்போய், "எப்பலேர்ந்துயா தெரியும்?" என்றாள்.

"அன்னிக்கே. உன் மூஞ்சியப் பாத்தன்ல."

அவளுக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிள்ளை தேறிவிடுவான் என்று தான் நம்பாவிட்டாலும் வீட்டில் ஒருத்தன் நம்பிக்கொண்டிருக்கிறான் என்ற தைரியத்தில்தான் இத்தனை நாளும் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். இவனும் நடித்திருக்கிறான்.

"யம்மா, நாளிக்கி கிரவுண்டுக்குப் போலாமா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

அந்த வீட்டில் இனி அதை நம்புவதற்கு வல்லரசு ஒருத்தன்தான் மிச்சம்.