‘யாரு?’ என்று கேட்ட ஜெசிந்தா

ஜெசிந்தா இறந்த செய்தி எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு மேலே தேர்வறை மேற்பார்வை அட்டவணை. கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். மாரடைப்பாம், குன்றத்தூர் வீட்டில், காலையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். பாதி வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாளே என்ற எரிச்சல். அது இன்னும் அடங்கவில்லை.

ஒரகடம் பக்கத்துக் கல்லூரியில் அவளும் நானும் அரசியல் அறிவியல் துறை. ஒரே மேசைக்கு இரண்டு பக்கம். மாணவர்களில் பலர் ஷிஃப்ட் முடித்து கம்பெனிச் சீருடையிலேயே வகுப்புக்கு வருபவர்கள். இறுதியாண்டில் ஒவ்வொருவரும் ஒரு பொதுப் பிரச்சினை பற்றி ஆய்வுக் கேள்வி எழுத வேண்டும். எல்லோரும் எழுதுவது ஒன்றுதான்: “அரசு ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?” ஜெசிந்தா ‘அரசு’ என்ற சொல்லைச் சுழித்து, பக்கத்தில் ‘யாரு?’ என்று எழுதித் திருப்பித் தருவாள். அவளிடம் படித்த உங்களில் பலர் அந்தச் சுழியை வாங்கியிருப்பீர்கள். எந்த அலுவலகம், எந்தச் சட்டம், முடிவெடுப்பது யார் என்று வரும்வரை விடமாட்டாள். மதிப்பெண் அனுப்பும் கெடு தாண்டிவிடும். துறைத் தலைவரிடம் பேச்சு வாங்குவது நான்.

இசக்கியம்மாள் விஷயத்தில்தான் நாங்கள் நிஜமாகவே சண்டை போட்டோம். தென்காசிப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்து, எங்கள் ஊரில் வாடகை அறையில் இருக்கும் பெண். அவள் தெருவுக்கு ஊராட்சித் தண்ணீர் வருவதில்லை. அதைத்தான் எழுதினாள். சுழி. மாற்றி எழுதினாள். மறுபடி சுழி. என்னிடம் வந்து, “நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வாரேன் மேடம், இன்னும் என்னத்த எழுத?” என்று கண்கலங்கினாள்.

பாவம், விட்டுத்தொலையேன் என்றேன் ஜெசிந்தாவிடம். “தண்ணி வரலன்னு அவளுக்கே தெரியும். யாரக் கேக்கணும்னு தெரியல. அதுக்கும் வழி காட்டாம வுட்டா, அவ இன்னாத்துக்குப் படிக்க வரா?” என்றாள்.

கடைசியில் இசக்கியம்மாள் எழுதிய கேள்வி இது: “ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத வாடகைக்காரர்களுக்காகக் கிராம சபையில் தண்ணீர் கேட்க வேண்டியது யார்?”

மூவரும் கிராம சபைக்குப் போனோம். இசக்கியம்மாள் எழுந்து நின்றாள். “உம் பேரு இந்த ஊரு லிஸ்ட்ல இருக்குதாம்மா? இல்லன்னா குந்து” என்றார் ஊராட்சித் தலைவர். அவர் என் பெரியப்பா மகன். அண்ணன் முன்னால் என் வாய் திறக்கவில்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நான் கொதித்துக்கொண்டு வந்தேன். ஜெசிந்தாவுக்கோ ஒரே திருப்தி. பாதி பதில் கிடைத்துவிட்டது, பட்டியலில் பெயர் உள்ள ஒருவர் எழுந்து கேட்டால் மீதியும் வந்துவிடும் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “உனக்கு ஓட்டு இங்கதானே?” என்றாள். சொந்தத்துக்குள் பகையாகிவிடும் என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை. அடுத்த சபைக்குள் என்னை எழுப்பி நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். அதற்குள் இப்படி.

கல்லூரி இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். எல்லோரையும் போல நானும் முடித்தேன்: “ஜெசிந்தா விட்டுச்சென்ற பணியை நாம் தொடர வேண்டும்.”

பின்வரிசையில் கம்பெனிச் சீருடையோடு இசக்கியம்மாள் எழுந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“நாமன்னா யாரு மேடம்?”

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. கோபம் கோபமாக வந்தது, செத்தும் என்னை விடாதவள் மேல்.

“நான்” என்றேன்.

அடுத்த கிராம சபையில் அண்ணனுக்கு எதிரே எழுந்து நிற்க வேண்டும். ஜெசிந்தாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தச் சுழி ஒன்றுதான். இந்த முறை அதற்குள் இருப்பது என் பெயர்.