நல்ல தமிழில் சொன்ன வெள்ளச் செய்தி

மலாயாவில் கிள்ளான் ஆறு கரையை உடைத்த காலையில், தோட்டத்துக்குப் புதிதாக வந்த எழுத்தரான நான், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தை எச்சரிக்க ஓடினேன். “அன்பர்களே, வெள்ளம் வருகிறது, இல்லங்களை விட்டு உடனே வெளியேறுங்கள்!” என்றேன். ஒருவரும் அசையவில்லை. எல்லாக் கண்களிலும் சந்தேகம்.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் சிரித்தாள். “நாகப்பட்டணத்துல எங்கள கப்பல் ஏத்துனவனும் இப்படித்தான் சாமி இனிக்க இனிக்கப் பேசுனான். இப்ப லயத்தையும் புடுங்கப் பாக்குறீங்களா?”

அவள் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தேன். அந்த அச்சத்தில் ஏட்டுத் தமிழ் எங்கோ போய்விட்டது. “ஆறு ஒடைஞ்சிருச்சு தாயீ! புள்ளையோட மேட்டுக்கு ஓடு, செத்துப் போயிருவே!” என்று கத்தினேன்.

அவள் ஓடினாள். லயமே அவள் பின்னால் ஓடியது. மேட்டில் நின்று, வீடுகளுக்குள் தண்ணீர் புகுவதைப் பார்த்தோம்.

“இத மொதல்லயே இப்படிச் சொல்லக் கூடாதாண்ணே?” என்றாள்.

அன்று முதல், என் வாக்கியம் ஒன்று அழகாக அமைந்துவிட்டால், எனக்கே அதன்மேல் சந்தேகம் வருகிறது.