கைக்குட்டை போட்ட இடம்

ஹம்சாவுக்கு ஓட வராது. கனத்த உடம்பு, இடது முழங்காலில் தீராத வலி. ஆனாலும் எனக்குத் தெரிந்து பல வருஷம் அவள் சாயங்காலம் தவறாமல் ஓடியிருக்கிறாள். தில்லி ஆர்.கே.புரத்திலிருந்து மோதி பாக் வழியாக செக்ரடேரியட் பக்கம் போய்வர அப்போது எங்களுக்கு ஒரு சார்ட்டர்ட் பஸ் இருந்தது. மாதப் பணம் கட்டியவர்கள் மட்டும் ஏறும் பஸ். காலையில் பார்த்த அதே மூஞ்சிகளைத்தான் சாயங்காலமும் பார்க்க வேண்டும். ஹம்சாவின் செக்ஷன் ஆபீசர் ஒரு புண்ணியவான். எல்லோரும் டிபன் பாக்ஸை மூடிப் பைக்குள் வைக்கிற நேரம் பார்த்துத்தான் ஃபைலை நீட்டுவார். அதனால் இவள்தான் எப்போதும் கடைசி. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கத்தியபடி மூச்சு வாங்க ஓடி வருவாள்.

அவள் கணவர் ராமமூர்த்தி வேறு இலாகா. அவர் முன்னாடியே வந்து, பக்கத்து சீட்டில் கைக்குட்டையை விரித்து இடம் போட்டுவிடுவார். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பையா, தோ மினிட் ருக் ஜாயியே, மேடம் ஆ ரஹீ ஹை" என்று ரெண்டு நிமிஷம் நிற்கச் சொல்லி டிரைவரிடம் கெஞ்ச ஆரம்பிப்பார். அந்த ரெண்டு நிமிஷம் ஒருநாளும் ரெண்டு நிமிஷமாக இருந்ததில்லை. டிரைவர் ஹார்ன் அடிப்பான், நாங்கள் சிரிப்போம். அவள் ஏறியதும் கைக்குட்டையை எடுத்து சீட்டை ஒரு தட்டு தட்டி, "தினமும் லேட்டு" என்பார். ஒரு நாள்கூட அதற்கு மேல் ஒரு வார்த்தை கோபமாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரும்தான் அதே பஸ்ஸில் வந்தார். எனக்கு என்றைக்காவது ஒரு கைக்குட்டை போட்டிருப்பாரா?

மெட்ரோ வந்தது, பஸ் நின்றது. எங்கள் கூட்டு நிற்கவில்லை. நான், என் வீட்டுக்காரர் அய்யாசாமி, ஹம்சா, ராமமூர்த்தி, அப்புறம் சுஜாதா. சுஜாதா கரோல் பாகிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னால் ஓடிவிடுவாள்.

போன டிசம்பரில் ஒரு மத்தியானம், ஆபீஸ் புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டு பெண்கள் மூன்று பேரும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அரசாங்கச் செலவில் ஊர் சுற்றிவரக் கொடுக்கிற எல்.டி.சி. முடிகிற வருஷம். எடுக்காவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். சுஜாதா போனைத் தட்டிக்கொண்டே இருந்தவள் திடீரென்று எழுந்து நின்றாள்.

"அரே, அந்தமான் டிக்கெட் கிடைக்குது! சனிக்கிழமையே! சலோ, இப்பவே லீவு எழுதிக் குடுக்கலாம். ஜல்தி!"

எனக்கு ஒரே குஷி. ஹம்சா முகத்தில்தான் ஈயாடவில்லை. என் கையைப் பிடித்து வேப்பமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"லீலா, அவருக்கு மறந்து போறதுடி."

"எல்லாருக்கும்தான் மறக்குது. நேத்து நான் மூக்குக்கண்ணாடிய ஃப்ரிட்ஜுல வச்சேன்."

"அப்படியில்லடி. போன வாரம் ஆத்துக்கு வழி தெரியாம மலை மந்திர் கோவில் வாசல்ல நின்னுண்டிருந்தார். டாக்டர் வியாதிக்குப் பேரே சொல்லிட்டார். இனிமே குறையாதாம், ஏறத்தான் ஏறுமாம்." யார் காதிலாவது விழுகிறதா என்று திரும்பிப் பார்த்தாள். "ரிட்டயராக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. ஆபீஸ்ல தெரிஞ்சா மெடிக்கல் போர்டு அது இதுன்னு இழுத்தடிப்பா. கேலி பேசுவா. உங்காத்துக்காரருக்குக்கூடத் தெரியப்படாது. சத்தியம் பண்ணு."

"பண்ணிட்டேன், போதுமா? அப்ப அந்தமான் வேணாம்னு சொல்லிரு. நான் சுஜாதாகிட்டப் பேசிக்கிறேன்."

"இல்ல, போகணும். கப்பல்ல ஏறித் தீவுக்குப் போகணும்னு கல்யாணமான நாள்லேர்ந்து அவருக்கு ஆசை. இப்ப விட்டா, கூட வந்திருக்கிறது யாருன்னே தெரியாமத்தான் வருவார்." கையில் ஒட்டியிருந்த கடலைத் தோலை ஊதிவிட்டாள். "சாவிய மறக்கட்டும், ஆத்தை மறக்கட்டும். என்னை மறந்துடுவாரோன்னுதான் பயமா இருக்குடி."

அந்த நிமிஷமே அவள் பயத்தில் பாதி எனக்கு ஒட்டிக்கொண்டது. ஊருக்குப் போகிற சந்தோஷமெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஹம்சா தான் பின்னிய மெரூன் ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டைக்குள் தன் போன் நம்பரை வெள்ளை நூலால் தைத்து அவருக்குப் போட்டுவிட்டாள். ஏர்போர்ட்டில் அவர் பாத்ரூம் போனால் இவள் வாசலில் காவல். விமானத்தில் அவர் ஜன்னலோரம், இவள் நடுவில், தப்பித் தவறித் தூங்கிவிட்டால் எழுப்ப நான் இந்தப் பக்கம். தூக்கம் எங்கே வந்தது எங்களுக்கு!

ஒன்றும் தெரியாத என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "என்ன சார், புது மாப்பிள்ளை மாதிரி பொண்டாட்டி கையை விடவே மாட்டேங்கிறீங்க?" என்று வழி நெடுகக் கேலி. ராமமூர்த்தி சிரித்தார். ஹம்சாவும் சிரித்தாள். நான் என் வீட்டுக்காரர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன், எதற்கென்று அவருக்கு அப்போது புரியவில்லை.

போர்ட் பிளேரிலிருந்து இன்னொரு தீவுக்குக் கப்பலில் போனோம். ராமமூர்த்தி குழந்தை மாதிரி ஆகிவிட்டார். தண்ணீரின் பச்சையைப் பார்த்து, "ஹம்சா, இங்க பாரேன், இங்க பாரேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்கே மனசு லேசாகிவிட்டது. இவளுக்கு வீண் பயம், மனுஷர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று நினைத்தேன். அப்போது அவர் என் பக்கம் குனிந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"மேடம், இந்த பஸ் மோதி பாக் வழியாத்தானே போகும்?"

சுற்றிலும் கடல். "போகும் சார்" என்றேன். வேறென்ன சொல்ல? ஹம்சா காதில் விழுந்திருக்க வேண்டும். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். நுழைகிற இடத்திலேயே ஒரு போர்டு. முதலை வரும், இருட்டினால் தண்ணீரில் இறங்காதே என்று படம் போட்டு வைத்திருந்தார்கள். அங்கே இருட்டுவதற்கு நேரங்காலமே கிடையாது. தில்லியில் டீ குடிக்கிற வேளைக்கு அங்கே சூரியன் கடலில் இறங்கிவிடுகிறது. அலையில் நனைந்த புடவையை மாற்ற ஹம்சாவும் நானும் சுஜாதாவும் பைகளோடு ஓலைத் தடுப்புக்குள் போனோம். போகும்போது ஹம்சா என் வீட்டுக்காரரிடம், "அண்ணா, இவரைக் கொஞ்சம் பார்த்துக்கோங்கோ" என்றாள்.

"எங்க போயிடப் போறாரு? நீங்க போயிட்டு வாங்க" என்றார் அவர்.

திரும்பி வந்து பார்த்தால் இந்த மகானுபாவர் கடலைப் பார்த்து நின்று சூரிய அஸ்தமனத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் யாருமில்லை. மணலில் ராமமூர்த்தியின் செருப்பு மட்டும் ஜோடியாகக் கிடந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அலை ரொம்பத் தூரத்தில் இல்லை.

"அவர் எங்கே?" என்றாள் ஹம்சா.

"இங்கதானே இருந்தாரு. டீ குடிக்கப் போயிருப்பாரு. சின்னப் பிள்ளையா என்ன, தொலைஞ்சு போறதுக்கு?"

ஹம்சா தண்ணீரைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள். முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டாள். சுஜாதாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். "விடுங்கோடி, அவர் உள்ள போயிருப்பார், விடுங்கோ" என்று திமிறினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சத்தியமாவது ஒன்றாவது, எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் மூஞ்சிக்கு நேராகக் கத்திவிட்டேன்.

"அவருக்கு எல்லாம் மறந்து போகுதுங்க! வீடு தெரியாது, வழி தெரியாது! நீங்க என்னடான்னா வீடியோ எடுக்கிறீங்க!"

அவர் கையிலிருந்த போன் மணலில் விழுந்தது. சுஜாதா வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரமாக, "சார்! ராமமூர்த்தி சார்!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

போனில் சிக்னல் கிடையாது. கடலும் மணலும் பிரித்துச் சொல்ல முடியாதபடி இருட்டிவிட்டது. தண்ணீரில் கறுப்பாக ஏதாவது மிதந்தால் எனக்கு மூச்சு நின்று போகும். கட்டையாக இருக்கும். அடுத்த கறுப்பு தெரியும்வரை முருகா, முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். ஹம்சா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் சதையில் அழுந்தியது. அவள் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கடைசியில் இளநீர்க் கடைக்காரன்தான் சொன்னான். சுஜாதா அவனிடம் இந்தியில் விசாரித்ததும், "ஸ்வெட்டர் வாலே அங்கிள்?" என்று சிரித்தான். அந்தப் புழுக்கத்தில் ஸ்வெட்டர் போட்ட ஆளை யார்தான் மறப்பார்கள்? மெயின் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

ரோட்டோரம் ஒரு பஸ் நிறுத்தம். தகரக் கூரை, ஒரு சிமென்ட் பெஞ்சு, மங்கலாக ஒரு பல்பு. ராமமூர்த்தி வெறுங்காலோடு, முதுகு நிமிர உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. ஹம்சா கிட்டே போய், "ஏன்னா, இங்க வந்து உக்காந்துட்டேளே" என்று சொல்லிக்கொண்டே அவர் பக்கத்தில் உட்காரப் போனாள்.

அவர் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார். அப்போதுதான் நாங்கள் பெஞ்சைப் பார்த்தோம். அவருக்குப் பக்கத்தில் கைக்குட்டை விரித்துப் போட்டிருந்தது.

"மன்னிக்கணும் மேடம், இங்க ஆள் வரா" என்றார் அவளிடம். "என் ஒய்ஃப். ஆபீஸ்ல கொஞ்சம் லேட்டாயிடும் அவளுக்கு. பஸ் வந்தா நீங்களும் டிரைவர்ட்ட சொல்லுங்கோ, ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்லி."

ஹம்சா அசையவில்லை. வேப்பமரத்தடியில் எந்தப் பயத்தைச் சொன்னாளோ அது அவள் எதிரில் உட்கார்ந்து, மேடம் என்று கூப்பிட்டுப் பேசுகிறது. சுஜாதா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், ஹம்சா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சரி, சொல்றேன்" என்றாள் அவரிடம்.

திரும்பி, வந்த வழியே இருட்டுக்குள் நடந்து போனாள். எங்கே போகிறாள், மறுபடியும் கடலுக்கா? பின்னாலேயே போகக் கால் எடுத்தேன். அதற்குள் அவள் குரல் கேட்டது.

"வந்துட்டேன், வந்துட்டேன்!"

பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, ஈரம் சொட்டும் புடவையோடு ஹம்சா இருட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். ராமமூர்த்தி எழுந்து நின்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பஸ்ஸே இல்லாத ரோட்டைப் பார்த்து, "பையா, ஆ கயீ, வந்துட்டா" என்று கையை ஆட்டினார். கைக்குட்டையை எடுத்து பெஞ்சை ஒரு தட்டு தட்டினார்.

"தினமும் லேட்டு" என்றார்.

ஹம்சா உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்து அழுதாள். "என்ன ஹம்சா, அந்த செக்ஷன் ஆபீசர் திட்டினானா?" என்று கேட்டுக்கொண்டே அவர் அந்தக் கைக்குட்டையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். கரையிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்த என் வீட்டுக்காரர் குனிந்து, கொண்டு வந்திருந்த செருப்பை ராமமூர்த்தியின் காலடியில் வைத்தார்.

மறுநாளே தில்லி திரும்பிவிட்டோம். இப்போது பகலில் ராமமூர்த்தியைப் பார்த்துக்கொள்ள ஹம்சா ஆள் போட்டிருக்கிறாள். அவர் ஆபீசுக்கும் தெரிந்துவிட்டது. நாங்கள் பயந்த மாதிரி யாரும் கேலி பேசவில்லை. சாயங்காலம் ஹம்சா பிளாக் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மாடிப்படியில் கத்திக்கொண்டே ஓடி ஏறுகிறாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண், ஆன்ட்டிக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் கேட்டாள்.

மேலே போனதும் எனக்குப் போன் பண்ணுவாள். அந்த நேரத்துக்கு நான் அடுப்பில் எதையும் வைப்பதில்லை. போன் கொஞ்சம் தாமதமானாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். நேற்றும் தாமதமாகத்தான் வந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

"லேட்டுன்னு சொன்னார்டி" என்றாள் ஹம்சா.